ஹானர்ஸ் திட்டத்தின் இரண்டு வாசல்கள்

அமெரிக்காவின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், நன்றாகப் படிக்கும் சிலரைப் பொறுக்கியெடுத்துத் தனி வகுப்புகளும் சலுகைகளும் தரும் ஹானர்ஸ் திட்டத்தில் படித்துத் தேறியவள் என்பதால், தங்கள் பிள்ளைக்கு அப்படியோர் அழைப்பு வந்ததும் தெரிந்தவர்கள் பலர் என்னிடம் யோசனை கேட்பார்கள். கேட்கும்போதே விடையையும் கையில் வைத்திருப்பார்கள். தனி விடுதி, சிறிய வகுப்பு, ஒருவேளை கொஞ்சம் உதவித்தொகை, பட்டச் சான்றிதழில் கூடுதலாக ஒரு வரி. இதில் வேண்டாம் என்று சொல்ல என்ன இருக்கிறது என்ற தொனி அவர்கள் குரலிலேயே இருக்கும். "கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள்" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அந்த வார்த்தை எனக்கு எளிதில் வருவதில்லை. அந்தத் திட்டத்தால் நான் அடைந்த மிகப் பெரிய நன்மையும், அதைப் பற்றி இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயமும் ஒரே ஆய்வகத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை. ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றொன்றை மறைப்பது நியாயமாக இருக்காது.

உறுத்தலை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய பல்கலைக்கழகங்களில் அடுத்த பருவத்துக்கான பாடப் பதிவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. அதுவரை முடித்த கிரெடிட்டுகளின், அதாவது பாட அலகுகளின், கணக்குப்படி, இறுதியாண்டு மாணவர்களுக்கு முதலில், பிறகு மூன்றாம் ஆண்டு, பிறகு இரண்டாம் ஆண்டு என்று படிப்படியாகத் திறக்கும். பல இடங்களில் ஹானர்ஸ் மாணவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. எந்த ஆண்டில் இருந்தாலும் அவர்கள் மற்றவர்களுக்கு முன்பாகவே பதிவு செய்துகொள்ளலாம். அறிமுகக் கையேடுகளில் ஒற்றை வரியாக வந்துபோகும் இந்த முன்னுரிமையின் எடை, கரிம வேதியியல் ஆய்வகம் போன்ற ஒரு பாடத்துக்கு இடம் தேடும்போதுதான் புரியும். விரிவுரைக் கூடத்தில் இன்னும் சில நாற்காலிகளைப் போட்டுக்கொள்ளலாம். ஆய்வகத்தில் புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டுகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை பேருக்குத்தான் இடம்.

என்னோடு ஒரே பேராசிரியரிடம் வேலை செய்துவந்த தோழி ஒருத்தி இருந்தாள். துறைப் பாடங்களில் அவள் எனக்கு எவ்விதத்திலும் இளைத்தவள் இல்லை. சிலவற்றில் என்னைவிட நன்றாகச் செய்தாள். முதல் ஆண்டில் இரவு நேரங்களில் ஒரு கடையில் சரக்கு அடுக்கும் வேலை பார்த்துக்கொண்டு படித்ததால், அந்த ஆண்டின் மதிப்பெண்கள் அவளுடைய மொத்தச் சராசரியைக் கீழே இழுத்துவிட்டன. ஹானர்ஸ் திட்டம் கேட்ட அளவுக்கு அது வரவில்லை. அந்த ஆண்டு நான் புதிதாக ஹானர்ஸ் திட்டத்தில் சேர்ந்திருந்தேன். பதிவு திறந்த காலையில் நூலகத்தில் உட்கார்ந்து, தேநீர் ஆறுவதற்குள் என் பாடங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். அவளுக்குப் பதிவு திறந்தபோது அந்த ஆய்வகத்தின் எல்லாப் பிரிவுகளும் நிரம்பிவிட்டன. காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தாள், அது நகரவில்லை. அதை முடித்தால்தான் எடுக்க முடிகிற அடுத்த பாடம் தள்ளிப்போனது, அதற்கடுத்ததும் தள்ளிப்போனது, கடைசியில் அவள் பட்டம் பெறுவது ஒரு பருவம் தள்ளிப்போனது. ஒரு பருவம் என்றால் அத்தனை மாதங்களுக்கான கட்டணமும் வாடகையும் சேர்ந்ததுதான். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. யாரும் விதியை மீறவும் இல்லை. விதியே அப்படி எழுதப்பட்டிருந்தது என்பதுதான் விஷயம்.

நான் அந்தத் திட்டத்துக்குள் பின்வாசல் வழியாக வந்தவள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பள்ளி முடிக்கும்போது எனக்கு ஹானர்ஸ் அழைப்பு எதுவும் வரவில்லை. இரண்டாம் ஆண்டு முடிகிற சமயத்தில், துறைப் பேராசிரியர் ஒருவர் சிபாரிசு செய்ததன்பேரில் விண்ணப்பித்துச் சேர்ந்தேன். ஆகவே அதே பல்கலைக்கழகத்தின் முதல் பாதியை வெளியே இருந்தும் இரண்டாம் பாதியை உள்ளே இருந்தும் பார்த்தேன். இந்த இரண்டு வாசல்களில் பின்வாசல்தான் நல்ல வாசல் என்ற எண்ணம் எனக்கு மெதுவாக வந்தது. அது வெறும் சொந்த அனுபவத்தின் சாய்வா என்று சந்தேகப்பட்டுத்தான் இந்தத் திட்டங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

வாசல் எப்படி முன்னால் நகர்ந்தது

பழைய ஆங்கிலேய வழக்கத்தில் ஹானர்ஸ் என்பது தேர்வோடு ஒட்டியது. ஆக்ஸ்ஃபோர்டில் 1800ஆம் ஆண்டுத் தேர்வுச் சட்டத்தோடு அது தொடங்கியது. பின்னாளில் பிரதமரான ராபர்ட் பீல் 1808இல் செவ்வியல் இலக்கியம், கணிதம் இரண்டிலும் முதல் வகுப்புப் பெற்ற முதல் ஆள் என்று பெயரெடுத்தார். கேம்பிரிட்ஜின் கணித டிரைபாஸ் தேர்வு இதைவிடக் கடுமையானது. தேறியவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று தரவரிசைப்படுத்தி வெளியிடும். இராமானுசனின் கதை மூலம் நமக்கெல்லாம் அறிமுகமான ஹார்டி 1898இல் அதில் நான்காவதாக வந்தவர். அந்தத் தேர்வு முறை கணிதத்தையே கெடுக்கிறது என்று அவர் பிடிவாதமாக வாதாடினார். தரவரிசையாக வெளியிடும் வழக்கம் 1909ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. தேர்வுக்காக மூச்சுப்பிடித்துத் தயாராவது வேறு, ஒரு துறையை அறிவது வேறு என்ற வாதம் அங்கேயே, அந்த வரிசையில் மேலே நின்றவர்களிடமிருந்தே கிளம்பியது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அமெரிக்காவில் இன்றுள்ள ஹானர்ஸ் திட்டங்களுக்கு மூதாதை என்று பொதுவாகச் சொல்லப்படுவது, பிலடெல்பியாவுக்கு அருகில் உள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியில் 1922இல் தொடங்கிய திட்டம். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பிய ஃபிராங்க் ஐடலாட் 1921இல் அந்தக் கல்லூரிக்குத் தலைவரானார். அவர் வடிவமைத்த ஏற்பாட்டில் இரண்டு விஷயங்கள் என் கவனத்தை இழுத்தன. ஒன்று, ஹானர்ஸ் மாணவர்கள் கடைசி இரண்டு ஆண்டுகளில்தான் அதற்குள் வருவார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் எல்லோரையும் போலப் படித்து, எந்தத் துறையில் ஆழமாக இறங்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு, ஒரு சிலர் மட்டும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாரம் ஒருமுறை கூடி, தாங்கள் எழுதிக்கொண்டு வந்த கட்டுரைகளை விவாதிப்பார்கள். மற்றொன்று, இறுதியில் அவர்களைச் சோதிப்பவர்கள் அவர்களுடைய ஆசிரியர்கள் அல்லர். வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட தேர்வாளர்கள் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் நடத்தித் தரத்தை முடிவுசெய்வார்கள். வெளித் தேர்வாளர் வரும் அந்த வழக்கம் அங்கே இன்றும் தொடர்கிறது.

இந்த இரண்டாவது ஏற்பாட்டின் விளைவை யோசித்துப் பார்க்கப் பார்க்க வியப்பாக இருக்கிறது. மதிப்பெண் போடும் அதிகாரம் வெளியாளிடம் போனதும் ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஆசிரியரைத் திருப்திப்படுத்த வேண்டும் என்ற கவலை மாணவருக்கு இல்லை; எனக்குப் புரியவில்லை என்று அவரிடமே துணிந்து சொல்லலாம். ஆசிரியருக்கும் மாணவருடைய பலவீனத்தைக் குறித்துவைத்துக்கொள்ளும் வேலை இல்லை. அதைச் சரிசெய்யும் வேலை மட்டும்தான்.

பிறகு எப்படி இந்த வாசல் பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் வீட்டு அஞ்சல் பெட்டி வரைக்கும் நகர்ந்து வந்தது? இதற்கு நல்ல காரணமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியராக இருந்த ஜோசப் கோஹன், 1957இல் தொடங்கி 1965 வரை இயங்கிய பல்கலைக்கழகங்களுக்கிடையிலான குழு ஒன்றை வழிநடத்தினார். சோவியத்தின் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் விண்ணில் ஏறி, பின்தங்கிவிட்டோமோ என்று அமெரிக்காவைக் கவலைப்பட வைத்த அதே ஆண்டில் தொடங்கியதால் அந்தக் குழுவின் பேச்சு எளிதில் காதில் ஏறியது. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கூட்டம் பெருகிவந்த காலம் அது. முதல் இரண்டு ஆண்டுகளின் மாபெரும் விரிவுரைக் கூடங்களில்தான் திறமையுள்ள பிள்ளை சலித்துப்போய்த் தொலைந்துபோகிறது, மூன்றாம் ஆண்டில் வந்து தேடினால் அது கிடைக்காது, ஆகவே நுழையும் நாளிலிருந்தே ஹானர்ஸ் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். சிறிய தனியார் கல்லூரிக்குப் பொருந்தியது பல்லாயிரம் பேர் படிக்கும் இடத்துக்குப் பொருந்தாது என்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் குழுவின் பணியைத் தொடர்ந்து 1966இல் தேசியக் கல்லூரி ஹானர்ஸ் மன்றம் உருவானது.

அதற்குப் பின்னால் வந்த வளர்ச்சியில் வேறு ஒரு நோக்கமும் கலந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் கல்லூரி 1988இல் தொடங்கியது. 2000இல் இன்டெல் நிறுவனத்தின் கிரெய்க் பாரெட்டும் அவர் மனைவி பார்பராவும் 1 கோடி டாலர் கொடுத்ததும் அவர்கள் பெயரைத் தாங்கியது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1997இல் ஷ்ரேயர் குடும்பம் 3 கோடி டாலர் கொடுத்து ஒரு ஹானர்ஸ் கல்லூரியை ஏற்படுத்தியது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2001இல் தொடங்கிய ஹானர்ஸ் கல்லூரி, பின்னர் மெக்காலே என்ற பெயரைப் பெற்றது, கல்விக் கட்டணமே இல்லாமல் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறது. அந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெரிய தனியார் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விடக்கூடிய பிள்ளைகளை அரசுப் பல்கலைக்கழகத்துக்கு இழுப்பதும் இவற்றின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ஈர்ப்பது நோக்கம் என்றால் வாசல் பள்ளியின் முடிவில்தான் இருந்தாக வேண்டும். மூன்றாம் ஆண்டில் தரப்போகும் செமினாரை, அதாவது மேசையைச் சுற்றி நடக்கும் விவாத வகுப்பை, காட்டி யாரையும் இழுக்க முடியாது. விடுதி அறையைக் காட்டி இழுக்கலாம், பதிவு முன்னுரிமையைக் காட்டி இழுக்கலாம். என் தோழிக்கு ஆய்வக இடம் கிடைக்காமல் போனதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இலையின் பின்புறம்

நன்மையின் பக்கத்துக்கு வருகிறேன். திட்டத்தை முடிக்க எழுத வேண்டிய என்னுடைய ஹானர்ஸ் ஆய்வேடு, இலை காற்றை உள்ளே இழுக்கும் நுண்ணிய இலைத்துளைகளைப் பற்றியது. 1987இல் உட்வர்ட் என்ற தாவரவியலாளர், உலர்த்திப் பாதுகாக்கப்பட்ட பழைய இலைகளை நுண்ணோக்கியில் பார்த்து, இருநூறு ஆண்டுகளில் 8 வகை மரங்களின் இலைத்துளை அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருக்கிறது என்றும், காற்றில் கரியமில வாயு கூடியதோடு அது பொருந்துகிறது என்றும் எழுதியிருந்தார். எங்கள் பல்கலைக்கழகத்தின் உலர்தாவரச் சேகரத்தில் இருந்த மேப்பிள் இலைகளிலும் அதே போக்கு தெரிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அனுமதி பெற்று, இலையின் பின்புறத்தில் நிறமற்ற நகப்பூச்சைத் துளி தடவி, காய்ந்ததும் ஒளிபுகும் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, நுண்ணோக்கியின் வட்டத்துக்குள் எத்தனை துளைகள் என்று எண்ண வேண்டும். ஒவ்வொரு இலையும் ஒரு தடித்த தாளில் ஒட்டப்பட்டிருக்கும். தாளின் வலது கீழ்மூலையில், மங்கிப்போன மையில், இடம், தேதி, சேகரித்தவர் பெயர். எண்ணுவது சலிப்பான வேலைதான், ஆனால் எண்களை வரைபடத்தில் இட்டபோது கோடு அழகாகக் கீழே இறங்கியது. மகிழ்ச்சியோடு முதல் அத்தியாயத்தை எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன்.

அத்தியாயம் திரும்பி வந்தபோது அதில் பெரிதாகத் திருத்தங்கள் இல்லை. ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில், "இந்த மரம் வெயிலில் நின்றதா, நிழலில் நின்றதா?" என்று எழுதியிருந்தார். ஒரே மரத்திலேயே வெயில்படும் கிளையின் இலையில் துளைகள் நெருக்கமாகவும், நிழலில் இருக்கும் இலையில் தளர்வாகவும் இருக்கும். இது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். விடையும் பாடப்புத்தகத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் அவர் அறைக்குப் போய், நூறு ஆண்டுகளுக்கு முன் பறித்த இலை வெயிலில் இருந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்றார். சும்மா கேட்கிறார், இதோ சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். அந்த மௌனம் நீண்டுகொண்டே போனபோதுதான், இவருக்கு உண்மையிலேயே தெரியாது, இந்த அறையில் இதை என்னைவிட அதிகம் யோசித்த ஆள் வேறு யாரும் இல்லை என்பது எனக்கு உறைத்தது. பள்ளியில் தொடங்கி அதுவரை என்னிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டவரின் மேசை இழுப்பறையில் விடை இருந்தது. இதற்கு இல்லை.

தாள்களின் மூலையில் இருந்த பெயர்களைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சேகரிப்பாளர்களின் களக் குறிப்பேடுகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றனவா என்று தேடினேன். சிலருடையவை இருந்தன. பழைய குறிப்பேடுகளில் ரயில் பாதை ஓரம், ரயில் பாதை ஓரம் என்று திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் காலத்தில் தாவரவியலாளர்கள் ரயிலில் போய் இறங்கி, பாதையோரமாகவே நடந்து சேகரித்திருக்கிறார்கள். பாதையோரம் என்றால் திறந்த வெளி, வெயில். பின்னாளில் வந்தவர்கள் காரில் போய்க் காட்டுக்குள் நடந்தவர்கள். அவர்கள் எட்டிப் பறித்தவை தாழ்ந்த கிளைகளின் நிழல் இலைகளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால் என் வரைபடத்தின் அழகான கோட்டில் ஒரு பங்கு காற்றைப் பற்றியதே இல்லை. மனிதர்கள் ரயிலை விட்டுக் காருக்கு மாறியதைப் பற்றியது. இதைக் கொண்டுபோய்க் காட்டியபோது நெறியாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. வெயில் இலையில் நரம்புகளும் நெருக்கமாக இருக்கும் என்பதால், நரம்படர்த்தியை அளந்து இரண்டு வகையையும் பிரிக்கலாம் என்ற வழி அந்த உரையாடலில்தான் தோன்றியது. யார் முதலில் சொன்னோம் என்று எனக்கு இப்போது நினைவில்லை. ஆய்வேட்டின் கடைசி வடிவத்தில் முடிவுகள் சுருங்கிப்போயின. பாதியளவு இலைகளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்றே எழுத வேண்டியிருந்தது. மூன்று பேர் கொண்ட குழுவின் முன் அதை நியாயப்படுத்திப் பேசிய அந்த மதியத்துக்கு ஈடாக என் படிப்பில் வேறெதையும் சொல்ல முடியாது.

ஆனால் அதே நுண்ணோக்கியின் அடுத்த இருக்கையில் என் தோழி உட்கார்ந்திருந்தாள். அவளும் தனிப்படிப்பு என்ற பெயரில் அதே பேராசிரியரிடம் ஒரு சிறு ஆய்வு செய்தாள். அவளிடமும் அவர் அதே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்டார். அப்படியென்றால் ஹானர்ஸ் எனக்கு மட்டும் தந்தது என்ன என்று கணக்குப் பார்த்தால், வேறு ஊரில் இருந்த சேகரம் ஒன்றைப் போய்ப் பார்க்கச் சிறு நிதி, எழுதி முடித்தே ஆக வேண்டும் என்ற கெடு, வேறு துறை ஆள் ஒருவரும் உட்காரும் குழு, இவ்வளவுதான். இவற்றை அற்பம் என்று சொல்ல மாட்டேன். கெடு இல்லாததால் அவளுடைய ஆய்வு, முடிவுகளைச் சுருக்கி மாட்டும் ஒரு சுவரொட்டியோடு நின்றுவிட்டது. எழுதியிருந்தால் என்னுடையதைவிட நன்றாக வந்திருக்கும். கெடுவும் குழுவும் கொஞ்சம் நிதியும் அவளுக்கும் தந்திருக்க முடியாத அளவுக்கு அரியவை என்று யாரும் எனக்கு இதுவரை நிரூபிக்கவில்லை.

3.5 என்ற எண்

முன்வாசல் வழியாக வந்த பிள்ளைகளிடம் நான் கண்ட வேறொரு விசித்திரமும் உண்டு. ஹானர்ஸ் திட்டத்தில் நீடிக்க ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி வேண்டும். இடத்துக்கு இடம் மாறினாலும், 4க்கு 3.5ஐ ஒட்டி வைத்திருக்கும் திட்டங்கள் பல. சராசரி அதற்குக் கீழே இறங்கினால் ஒரு பருவமோ இரண்டு பருவமோ தவணை தருவார்கள், பிறகு வெளியே. இதன் விளைவு, அறிவுத் துணிச்சலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று சொல்லப்படும் பிள்ளைகள் பாடப் பட்டியலைப் பயந்து பயந்து புரட்டுவது. ஹானர்ஸ் விடுதியில் இருந்த ஒரு பையன், கணிதத்தில் உண்மையான ஆர்வம் கொண்டவன், நிரூபணங்களை மையமாகக் கொண்ட பகுப்பாய்வுப் பாடத்தை இரண்டாம் வாரத்தில் விட்டுவிட்டு, தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பாடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொலைப்பதற்கு அவனிடம் ஒன்று இருந்தது. வெளியே இருந்த காலத்தில் என்னிடம் அப்படி ஒன்றும் இல்லாததால்தான் நான் இயற்பியலில் சுமாரான மதிப்பெண் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். ஐடலாட்டின் ஏற்பாட்டில் கழற்றிவிடப்பட்ட அந்தப் பயம், அதே பெயரில் நடக்கும் திட்டங்களில் சுற்றி வந்து மறுபடியும் மாட்டப்பட்டிருக்கிறது.

இன்னொன்று ஹானர்ஸ் ஒப்பந்தம் என்ற ஏற்பாடு. போதுமான தனி வகுப்புகள் இல்லாத இடங்களில், சாதாரண வகுப்பிலேயே பேராசிரியரோடு ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு, கூடுதலாக ஒரு வேலை செய்து, அந்தப் பாடத்தை ஹானர்ஸ் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மனமுள்ள பேராசிரியர் அமைந்தால் அது நன்றாகவே நடக்கும். பெரும்பாலும் பருவத்தின் கடைசி வாரத்தில் பத்துப் பக்கம் கூடுதலாக எழுதிக் கொடுப்பதோடு முடிந்துவிடும். எழுதியவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வாங்கியவரும் பார்ப்பதில்லை.

அக்கா மகள் கேட்டது

இவ்வளவையும் நான் மறுபடி கிளறியதற்குக் காரணம் என் அக்கா மகள். பள்ளி இறுதியாண்டில் இருந்த அவளுக்கு, கணிதம் படிக்க இடம் கிடைத்த அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹானர்ஸ் அழைப்பும் வந்திருந்தது. அக்காவுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அவள் மட்டும் தொலைபேசியில், "சித்தி, நீங்க உள்ள இருந்து பார்த்திருக்கீங்க. உண்மையைச் சொல்லுங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் ஆண்டு முடிவில், துறையில் ஆள் தெரிந்த பிறகு, என்ன கேள்வியோடு உள்ளே போகிறோம் என்று தெரிந்துகொண்டு சேர்வதுதான் மேல் என்ற என் கட்சியையும் சொன்னேன். அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம், ஹானர்ஸ் அலுவலகத்துக்கு மூன்று கேள்விகள் எழுதிக் கேள் என்றேன். முதல் ஆண்டில் சேர்கிறவர்களில் எத்தனை பேர் ஆய்வேட்டை முடித்து வெளியே வருகிறார்கள்? மதிப்பெண் சராசரி இறங்கினால் போவது ஹானர்ஸ் மட்டுமா, அதோடு கட்டிய உதவித்தொகையும் சேர்ந்தா? பின்னால் வந்து சேர்கிறவர்களுக்கும் ஆய்வு நிதி அதே அளவில் கிடைக்குமா?

முதல் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஹானர்ஸ் மாணவர்கள் பட்டம் முடிக்கும் விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்று கையேடுகள் பெருமையாகச் சொல்லும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்துவிட்டு அவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று சொல்வதில் வியக்க என்ன இருக்கிறது? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் திட்டத்தையே முடித்தார்கள் என்பது வேறு கணக்கு. கணிசமானோர் ஆய்வேட்டின் வாசல்வரை வராமலே, பதிவு முன்னுரிமையையும் விடுதியையும் இரண்டு மூன்று ஆண்டுகள் அனுபவித்துவிட்டு, சத்தமில்லாமல் விலகிவிடுவது பல இடங்களில் நடப்பதுதான்.

அலுவலகம் மரியாதையாகப் பதில் எழுதியது. உதவித்தொகை தனி, அதற்கும் ஹானர்ஸ் திட்டத்துக்கும் தொடர்பில்லை. பின்னால் சேர்பவர்களுக்கும் ஆய்வு நிதி சமமாகவே கிடைக்கும். முதல் கேள்விக்கு, ஆலோசகர் ஒருவர் விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார் என்று ஒரு வரி இருந்தது. தொடர்புகொண்ட ஆலோசகர் விடுதியைப் பற்றி அன்பாகப் பேசினாராம்.

அவள் சேர்ந்துவிட்டாள். என் வாதத்தை அவள் மறுக்கவில்லை. பாதியில் விலகினால் மதிப்பெண் பட்டியலில் எந்தக் குறிப்பும் வராது, உதவித்தொகையும் போகாது, ஆகவே உள்ளே இருந்து பார்த்துக்கொண்டே இரண்டாம் ஆண்டில் முடிவெடுக்கலாம் என்பது அவள் கணக்கு. பயப்படுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் அந்த எண்ணைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும் என்றும் கேட்டாள். இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. விடுதியில் அந்தப் பையனைப் பார்க்காதிருந்தால் நானும் அப்படியே நினைத்திருப்பேன். முதல் பருவத்துக்கு, எளிதான பிரிவு ஒன்று இருந்தும், நிரூபணங்களோடு நடத்தப்படும் நேரியல் இயற்கணித வகுப்பை எடுத்திருக்கிறாள். முதல் வீட்டுப்பாடத்தில் பாதிக்குமேல் தவறாம். பாடத்தைக் கைவிடுவதற்கான கெடு முதல் இடைத்தேர்வு முடிந்து சில நாட்களில் வருகிறது. அக்கா விட்டுவிடச் சொல்கிறாள். அவள் இடைத்தேர்வை எழுதிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.